பதினோராம் எண் உப்பு

பள்ளியில் அவளுக்கு 'நோட்ஸ்' என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அது ஆசிரியர்களுக்கே மறந்துபோயிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அவள் எழுதும் பாடக் குறிப்புகள் வகுப்பு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். உயிரியல் நோட்டில் அவள் இதயம் வரைந்தால், இருபது நோட்டுகளில் அதே இதயம், இடது கீழறை கொஞ்சம் வீங்கினாற்போல, அப்படியே இருக்கும். ஒருமுறை இயற்பியல் கணக்கில் ஒரு பூஜ்ஜியத்தை விட்டுவிட்டாள். வகுப்பே அந்தப் பூஜ்ஜியத்தை விட்டது.

அவள் அம்மா அதே பள்ளியில் ஆய்வக உதவியாளர். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் 'லேப் அக்கா'. வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் பள்ளி கொடுத்த இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஆய்வகத்தின் பின்சுவர். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்குச் சந்து. அப்பா சரக்கு லாரி ஓட்டப் போனால் மூன்று வாரம் திரும்ப மாட்டார். மற்ற பிள்ளைகளுக்கு நாலு மணிக்குப் பள்ளி முடியும். அவளுக்கு அது முடிவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்திருந்தால்கூட, திங்கட்கிழமை காலையில் தமிழ் ஆசிரியர் "தலைவலி விட்டுச்சா?" என்று விசாரிப்பார்.

அந்த வருஷம் ஆய்வகத்தில் எரிவாயு தீர்ந்து நான்கு மாதம் ஆகியும் புது உருளை வரவில்லை. வேதியியல் ஆசிரியர் இளைஞர், நல்லவர், பயந்தவர். மூன்று முறை கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, செய்முறைப் பாடத்தை வகுப்பறையிலேயே நடத்திவிட்டார். "இது போட்டா வெள்ளையா வரும், அது போட்டா கரையும், எழுதிக்கோங்க." பிள்ளைகள் நோட்ஸின் குறிப்பைப் பார்த்து ரெக்கார்டு நோட்டை நிரப்பினார்கள். சோதனைக் குழாயைக் கையில் தொடாதவர்கள்கூட, 'கார நெடியுள்ள வாயு வெளிவந்தது' என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள்.

அவள் மட்டும் தொட்டிருந்தாள். சாயங்காலம் அம்மா கண்ணாடிச் சாமான்களைக் கழுவும்போது கூட நிற்பாள். குப்பிகளின் அடியில் மிச்சமிருக்கும் உப்பைச் சாராய விளக்கில் வைத்துச் சோதிப்பாள். அம்மாவுக்குப் பாடம் தெரியாது. ஆனால் பதினாறு வருஷம் பார்த்த கண். "அமிலத்த அப்படிக் கொட்டாத. குழாயச் சாய்ச்சுப் பிடி, சுவரோட இறங்கட்டும்" என்பாள். மற்றவர்களுக்குக் கிடைக்காதது தனக்கு மட்டும் கிடைக்கிறது என்பது நோட்ஸுக்குத் தெரியும். அதற்காகவே நோட்டுகளை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாள்.

செய்முறைத் தேர்வு நெருங்கியபோது வேறொன்றைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள்: "யாருக்கு எந்த உப்புன்னு உங்கம்மா எப்ப சொல்லுவாங்க?"

அந்தப் பள்ளியில் அது வருஷா வருஷம் நடப்பதுதான். தேர்வுக்கு முந்தின நாள் வேதியியல் ஆசிரியர் ஒரு சீட்டைக் கொடுப்பார். ஒன்று முதல் இருபது வரை மேஜை எண். எதிரில் உப்பின் பெயர். அதைப் பார்த்துத்தான் அம்மா குப்பிகளை நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டு, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவர் காதிலும் அவரவர் உப்பைச் சொல்லிவிடுவாள். தலைமையாசிரியர் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "நம்ம பிள்ளைங்க ஒருத்தரும் ஃபெயிலாகக் கூடாது. பார்த்துக்கோங்க" என்பார். அவ்வளவுதான். அம்மாவும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. "கேஸ் இல்ல, சாமான் இல்ல. பாவம், அதுங்க எங்க போய்க் கத்துக்கும்?" என்பாள்.

அந்த வருஷம் நோட்ஸ் அம்மாவிடம் சொன்னாள்: "எனக்கு மட்டும் சொல்லாதம்மா. நானே கண்டுபிடிச்சுக்கறேன்."

"சொல்லாட்டி மட்டும் ஊரு நம்பிடுமா? முழு மார்க் வாங்கினா அம்மா சொல்லிக் கொடுத்தான்னுதான் சொல்லும். குறைஞ்சா, அம்மா இருந்தும் வாங்கலன்னு சொல்லும்."

"ஊரு சொல்லட்டும். நீ சொல்லாத."

அம்மா சிரித்துவிட்டாள். "சரி தாயே. உன்கிட்ட வாயே திறக்கல."

தேர்வு நாளன்று வெளித் தேர்வாளராக வந்தவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். தேய்ந்த தோல் பையும் சூடு ஆறாத குடுவையும் தோளில் தொங்க, சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே வந்து நின்றார். தலைமையாசிரியர் அறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் அங்கே போகவே இல்லை. நேரே ஆய்வகத்துக்குள் வந்து, "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. நீங்களும்தான்" என்று அம்மாவையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தார்.

உள்ளே போனபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. இருபது மேஜை, இருபது குப்பி, மூடியில் ஒட்டிய எண்கள். உள்ளே வெள்ளைப் பொடி. நோட்ஸின் மேஜை பதினொன்று. பக்கத்து மேஜையில் குச்சி. ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே படிப்பவள், ஒல்லியென்றால் அப்படியொரு ஒல்லி, வாய் மட்டும் நாலு ஆளுக்கு உண்டு.

கேள்வித்தாள் வந்ததும் குச்சி குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி முணுமுணுத்தாள். "உனக்கு சிங்க் சல்ஃபேட்டுடி. எங்க எல்லாருக்கும் சொல்லும்போது உங்கம்மா அந்தச் சீட்டைத்தான் கையில வச்சிருந்தாங்க, பார்த்துட்டேன். சும்மா மெனக்கெடாத."

நோட்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்காதே என்று காதைப் பொத்த முடியாது. இனி என்ன செய்தாலும் தெரிந்துகொண்டு செய்ததுதான். இருந்தாலும் ஆரம்பித்தாள். உப்பைக் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சாராய விளக்கில் சூடாக்கினாள். குழாயின் வாயிலிருந்து வந்த நெடி மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவழைத்தது. அமோனியா.

சிங்க் சல்ஃபேட்டில் அமோனியா எப்படி வரும்?

குழாயைக் கழுவிவிட்டு மறுபடி செய்தாள். கண்ணாடிக் குச்சியை அமிலத்தில் நனைத்துக் காட்டினாள். புகை கட்டி கட்டியாக எழுந்தது. வெள்ளி நைட்ரேட் விட்டாள். தயிர் உறைந்தாற்போல் வெள்ளையாகத் திரண்டது. சந்தேகமே இல்லை. அது அமோனியம் குளோரைடு.

நிமிர்ந்து பார்த்தாள். அம்மா மூலையில் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். மகள் பார்ப்பதைக் கண்டு, நன்றாகச் செய் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். அந்த முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அப்போதுதான் நோட்ஸுக்குப் புரிந்தது. எண்கள் மூடியில் இருந்தன. கதவு சாத்தியிருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் மூடிகள் இடம் மாறியிருக்கின்றன. சீட்டு முழுக்கத் தப்பு.

சுற்றிலும் பத்தொன்பது பேர் எதையோ குலுக்கிக்கொண்டும் வெறும் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டும் இருந்தார்கள். குச்சி கால் மணியில் எழுதி முடித்துவிட்டு, வேலை செய்வதுபோலக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தேர்வாளர் இரண்டு மேஜைக்கு அப்பால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். 'மாத்தி எழுதுடி' என்று சொன்னால், எதை மாற்றச் சொல்கிறாய் என்று கேட்பார். பேனாவைத் துடைத்துவிட்டு, நோட்ஸ் தன் தாளில் அமோனியம் குளோரைடு என்று எழுதினாள். அதற்கப்புறம் குச்சியின் பக்கம் திரும்பவே இல்லை.

தாள்களைத் திருத்தத் தேர்வாளருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்திவிட்டு, தலைமையாசிரியரையும் வேதியியல் ஆசிரியரையும் உள்ளே கூப்பிட்டார். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. பேசியது முழுக்க வெளியே கேட்டது.

"இருபதுல பத்தொன்பது தப்பு. தப்பா எழுதறது தப்பில்ல சார். ஆனா பத்தொன்பது பேரும், நான் மூடி மாத்தறதுக்கு முன்னாடி, தேர்வாளருக்குன்னு நீங்க கொடுத்த லிஸ்ட்படி அந்த நம்பர்ல என்ன உப்பு இருந்துச்சோ, அதையே எழுதியிருக்காங்க. அமோனியாவே வராத உப்புல அமோனியா வந்ததா ஒரு பையன் எழுதியிருக்கான்."

தலைமையாசிரியர்தான் சமாளித்தார். "மேடம், எங்க கெமிக்கல் எல்லாம் பழசு. வாங்கி மூணு வருஷம் ஆச்சு. அதை வச்சு செஞ்சா எந்த ரிசல்ட்டும் சரியா வராது. பிள்ளைங்க குழம்பிப் போய் ஏதோ எழுதியிருக்கும். இந்த பேட்ச்சைக் கேன்சல் பண்ணிட்டு, புதுசா வாங்கி வச்சு இன்னொரு நாள் நடத்திடலாமே."

"கெமிக்கல் கெட்டுப்போச்சுன்னா, அந்த ஒரு பொண்ணுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

"அது... குருட்டாம்போக்குல வந்திருக்கும்."

தாள்களை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தேர்வாளர் சொன்னார்: "சரி. அந்தப் பொண்ணு இன்னொரு உப்பைச் செய்யட்டும். நான் கொண்டுவந்தது, உங்க கெமிக்கலை வச்சு. வரலன்னா நீங்க சொல்றது சரின்னு எழுதிட்டுப் போறேன். வந்துச்சுன்னா, மத்தவங்களுக்கு ஏன் வரலன்னு நான் கேட்க வேண்டியிருக்கும்."

தலைமையாசிரியரே வெளியே வந்து அவளைக் கூப்பிட்டார். உள்ளே அழைத்துப்போகும் நாலு எட்டுக்குள், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பதறாதம்மா. வரலன்னா வரலன்னு சொல்லிடு. அதுல ஒரு பொய்யும் இல்ல, மருந்து நிஜமாவே பழசு. உங்கம்மா வேலை, பத்தொன்பது பிள்ளைங்க... எல்லாம் இப்ப உன் கையிலதான் இருக்கு." அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார். அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

வராந்தாவில் நின்ற பத்தொன்பது பேரும் ஜன்னல் கம்பிகளில் முகத்தைப் பதித்திருந்தார்கள். குச்சி உதட்டை அசைத்தாள். வேணாம்டி.

தேர்வாளர் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கொஞ்சம் ஈரம் கோத்த வெள்ளை உப்பு. நோட்ஸ் நின்றபடியே இருந்தாள். செய்தால், அம்மா மாட்டுவாள். செய்யாவிட்டால், தன் ஒரு சரியான விடையும் குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும், அதோடு போகும். மறுபடி எழுதலாம். யாருக்கும் சேதமில்லை. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஆனால் கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. கரைத்தாள். சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டினாள். கூழ் மாதிரி வெள்ளையாக வந்தது, இன்னும் விட்டதும் கரைந்தது. வடிதாளை நனைத்து, கோபால்ட் நைட்ரேட் சொட்டி, விளக்கில் கொளுத்தினாள். பச்சைச் சாம்பல். துத்தநாகம். இதுவரை தேர்வாளரும் பார்த்துவிட்டார். ஆனால் பாதி விடை விடையாகாது. மீதியைக் கண்டுபிடிக்க வேண்டும். குளோரைடு இல்லை. சல்ஃபேட் இல்லை. நைட்ரேட்டாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பழுப்பு வளையச் சோதனை. அதற்கு ஃபெரஸ் சல்ஃபேட் கரைசல்.

அந்தக் குப்பியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

அன்றன்றைக்குப் புதிதாகக் கரைக்க வேண்டிய மருந்து அது. இளம்பச்சையாக இருக்க வேண்டும். குப்பியில் இருந்தது பால் விடாத டீயின் நிறம். இரண்டு வாரமாவது ஆகியிருக்கும். அம்மா இன்று புதிதாகக் கரைக்கவில்லை. ஏன் கரைப்பாள்? இன்று யாரும் எதையும் நிஜமாகச் செய்யப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியுமே.

இதை ஊற்றினால் வளையம் வராது. ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். வரவில்லை என்றால் போதும். தலைமையாசிரியர் சொன்னது உண்மையாகிவிடும். கதவு தானாகவே திறந்துகொண்ட மாதிரி இருந்தது. ஆனால் கை குப்பியைச் சாய்க்கவில்லை. புதுசு கேட்டால் அம்மாவைத் தானே பிடித்துக் கொடுத்த மாதிரி. கேட்காவிட்டால், தெரிந்துகொண்டே கெட்டதை ஊற்றின மாதிரி. குப்பியும் கையுமாக எத்தனை நேரம் நின்றாளோ, தேர்வாளர் "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல மேடம்."

பின்னால் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம், கண்ணாடிக் குச்சியால் கலக்கும் சத்தம். பிறகு அம்மாவின் கை அவள் தோளுக்கு மேலாக வந்து, பழைய குப்பியை அவள் விரல்களிலிருந்து வாங்கிக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி முகவையை வைத்தது. உள்ளே இளம்பச்சையாக, தெளிவாக, அப்போதுதான் கரைத்த ஃபெரஸ் சல்ஃபேட்.

"அது பழசு. இதுல செய்" என்றாள் அம்மா.



நோட்ஸ் குழாயைச் சாய்த்துப் பிடித்தாள். அடர் கந்தக அமிலத்தைச் சுவரோடு சொட்டுச் சொட்டாக இறக்கினாள். குழாயை மேஜை விளிம்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய கோடு. பிறகு நன்றாகத் தடித்த பழுப்பு வளையம்.

"துத்தநாக நைட்ரேட்" என்றாள். அழுகை வந்துவிட்டது.

தேர்வாளர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பாராட்டவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளைங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தாங்க."

"உங்களுக்கு லிஸ்ட் யாரு கொடுத்தது?"

அம்மா மேஜையில் சிந்தியிருந்ததைத் துணியால் துடைத்தாள். சீட்டை அவள் வழக்கம்போல அன்று காலையிலேயே விளக்கில் கொளுத்தியிருந்தாள். வேதியியல் ஆசிரியர் தன் சட்டைப் பையில் குத்தியிருந்த பேனாவையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் எல்லாருக்கும் பதில் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்ஸ் கேட்டாள். "ஏம்மா கொண்டுவந்து வச்ச? நான் வரலன்னு சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருப்பியா?"

"தெரியல."

அம்மா முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் தெரியல. பதினாறு வருஷம் அந்த அலமாரியப் பார்த்துக்கறேன். கெட்டுப்போன மருந்தக் கையில வச்சுக்கிட்டு, என் பொண்ணே என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கறா. பார்க்க முடியல. அதுக்கு மேல ஒண்ணும் யோசிக்கல. யோசிச்சிருந்தா வச்சிருக்க மாட்டேனோ என்னவோ."

மறுநாள் அம்மாவைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடியும்வரை ஆய்வகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வரவில்லை. ஆகவே அம்மா அந்தச் சந்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வேறொருவர் குழாய்களைக் கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது உடைந்தால், "போச்சு, முகவை" என்பாள்.

நோட்ஸுக்கு வகுப்பில் இன்னும் இரண்டு மாதம் பாக்கியிருந்தது. உயிரியல் செய்முறைத் தேர்வில் வெங்காய வேர்நுனியை நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்து, செல்கள் பிரிவதை வரைந்தாள். பக்கத்தில் உட்கார யாருமில்லை. அவளுடைய நோட்டுகள் ஐந்தும் ஒரே நாளில் மேஜைமேல் திரும்பி வந்துவிட்டன. வருஷம் முழுக்கக் கேட்டாலும் திரும்பாதவை. யாரும் திட்டவில்லை. அவள் வந்தால் பேச்சு நிற்கும், போனால் தொடரும். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி மட்டும் சொன்னாள்: "உனக்கென்ன, உங்கம்மா லேப்ல நீ தினமும் பழகினே. நாங்க எங்க போறது?" அது உண்மை.

பத்தொன்பது பேருக்கும் மறுதேர்வு என்று முடிவாகியது. நான்கு மாதம் வராத எரிவாயு உருளை மூன்றாம் நாள் வந்தது. வேதியியல் ஆசிரியர் காலையும் மாலையும் ஆய்வகத்தைத் திறந்துவைத்து, ஒவ்வொருவர் கையிலும் குழாயைக் கொடுத்துச் செய்ய வைத்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நீலச் சுடர்கள் வரிசையாகத் தெரியும். அவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டதால் அங்கே வேலையில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கணக்குப் போடுவாள்.

விசாரணையில் வேதியியல் ஆசிரியர் முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டாம் நாள் தானாகவே, சீட்டு எழுதிக் கொடுத்தது நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குச் சம்பள உயர்வு நின்றது. தலைமையாசிரியருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அம்மாவுக்கு வேலை போகவில்லை; ஒன்றரை மணிநேரப் பேருந்துத் தூரத்தில் உள்ள பள்ளிக்கு மாற்றினார்கள். ஆய்வகத்துக்கு அல்ல, அலுவலகத்துக்கு. கோப்பு எடுத்துக் கொடுக்கிற வேலை.

எழுத்துத் தேர்வு முடிந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். அப்பா லாரியைக் கொண்டுவந்து சந்தின் முனையில் நிறுத்தியிருந்தார். பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது குச்சி வந்தாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவை. வாசலிலேயே நின்றாள்.

"மறுதேர்வுல பாஸ் ஆயிட்டேன்" என்றாள்.

"எவ்வளவு?"

"முப்பதுக்கு இருபத்தொண்ணு. எனக்கு லெட் உப்பு வந்துச்சு, அதான் ஈயம். மஞ்சளா வந்ததும் கத்திட்டேன், வெளிய அனுப்பிடுவேன்னு சொன்னாங்க."

நோட்ஸ் சிரிக்கப் பார்த்தாள். குச்சி சிரிக்கவில்லை.

"நீ அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அவங்க பார்த்துட்டிருந்தாங்க."

"தெரியும். இருந்தாலும்." குச்சி கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள். "எனக்கு உன்மேல இன்னும் கோபம்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி."

"எதைத் தூக்கணும்?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஜையைத் தூக்கினார்கள். சந்தில் அது நேராகப் போகவில்லை. "சாய்ச்சுப் பிடிங்கடி, காலை முதல்ல திருப்புங்க" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். இரண்டு முறை சுவரில் இடித்து, மூன்றாம் முறை வெளியே வந்தது.